வீட்டு ஸ்டூடியோவுக்கு ட்ரம் ட்ரிகர்: தெரிவிலிருந்து பதிவு வரை முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் வீட்டு அறையொன்றை ஸ்டூடியோவாக மாற்றுகிறவர்களுக்குக் குரலும் கீபோர்டும் கிற்றாரும் பெரிய சிரமம் தருவதில்லை. ட்ரம்ஸ்தான் தலையிடி. சீமெந்துச் சுவரும் டைல்ஸ் நிலமும் உள்ள சின்ன அறையில் எத்தனை மைக் வைத்தாலும் எதிரொலிதான் முன்னுக்கு நிற்கும். அதோடு வெளிச்சத்தம் வேறு: கோயில் ஒலிபெருக்கி, ஓட்டோ, பக்கத்து வளவு நாய், கரண்ட் போனால் ஜெனரேற்றர். ட்ரம்மில் பூட்டும் சின்ன உணரியான ட்ரிகர் இவற்றில் எதையும் பிடிப்பதில்லை. அது தொட்டுக்கொண்டிருக்கும் தோலின் அதிர்வை மட்டுமே உணரும். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் கோயில் வீதிக்குப் பக்கத்து வீட்டிலும் கிக்கையும் ஸ்னேரையும் சுத்தமாகப் பதியலாம் என்றால் அதற்கு இதுதான் காரணம்.

ஆனால் பலர் ட்ரிகரை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதை எதில் சொருகுவது என்று யோசிக்கிறார்கள். ஒழுங்கு மறுபக்கம் இருக்கவேண்டும். உங்களிடம் இருக்கும் ஓடியோ இன்டர்பேஸ் (மைக்கையும் கருவிகளையும் கம்பியூட்டரோடு இணைக்கும் பெட்டி) எது, அதில் எத்தனை இன்புட் என்பதிலிருந்து தொடங்கினால் எந்த ட்ரிகர், எத்தனை, மொடியூல் (ட்ரிகரின் துடிப்பை ஒலியாக மாற்றும் பெட்டி) வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாக வரும்.

ட்ரிகருக்குள் என்ன இருக்கிறது

பித்தளைத் தகட்டில் ஒட்டிய ஒரு மெல்லிய செராமிக் வட்டு. பெயர் பீசோ. அது வளையும்போது மின்னழுத்தம் பிறக்கும். தோலில் தடி விழுந்ததும் வட்டு நடுங்கி ஒரு கூர்மையான துடிப்பைத் தருகிறது. பலத்த அடியென்றால் பெரிய துடிப்பு, மெல்லிய அடியென்றால் சின்னத் துடிப்பு. ட்ரிகர் தருவது அவ்வளவுதான். அதற்கென்று ஒரு ட்ரம் ஒலி கிடையாது. நேரடியாக ஸ்பீக்கரில் போட்டால் 'டிக்' என்று மேசையைத் தட்டினதுபோல் கேட்கும்.

இந்தத் துடிப்பை மூன்று விதமாகப் பயன்படுத்தலாம். ஒன்று, ட்ரிகர் மொடியூலுக்குக் கொடுத்து அங்கிருந்து மிடி நோட்டாகவோ (எந்த ட்ரம், எவ்வளவு பலம் என்று கம்பியூட்டருக்குச் சொல்லும் குறிப்பு) ஒலியாகவோ எடுப்பது. இரண்டாவது, துடிப்பையே ஒரு ஓடியோ ட்ராக்காகப் பதிந்துவிட்டு, பிறகு கம்பியூட்டரில் ஒலியாக மாற்றுவது. மூன்றாவது பலருக்குத் தெரியாதது: மைக்கில் பதிந்த ஒலியையே வைத்துக்கொண்டு, அதன் கேற்றை, அதாவது ஒலியை விடவும் தடுக்கவும் செய்யும் கதவை, திறந்து மூடும் சாவியாக மட்டும் ட்ரிகரைப் பயன்படுத்துவது. வீட்டு ஸ்டூடியோவுக்கு இரண்டாவதும் மூன்றாவதும்தான் கூடப் பயன் தரும் என்பது எங்கள் உறுதியான அபிப்பிராயம். மொடியூல் அடிக்கும் நேரத்திலேயே முடிவெடுத்துவிடுகிறது. அது ஒரு அடியைத் தவறவிட்டால் போனது போனதுதான். ஓடியோவாகப் பதிந்த துடிப்பை மறுநாள் ஆறுதலாகத் திருத்தலாம்.

இன்புட்டை எண்ணிப் பாருங்கள்

இரண்டு இன்புட் உள்ள இன்டர்பேஸ்தான் உங்களிடம் இருக்கிறது என்றால், அந்த இரண்டையும் மேலே தொங்கும் இரண்டு ஓவர்ஹெட் மைக்குக்கு விட்டுவிடுங்கள். சிம்பலும் ஹை-ஹட்டும் மைக்கால்தான் வரவேண்டும். கிக்குக்கும் ஸ்னேருக்கும் இரண்டு ட்ரிகரும் ஒரு மொடியூலும் தேவை. மொடியூலிலிருந்து வருவது மிடி என்பதால் ஓடியோ இன்புட்டை அது பிடிக்காது. ரோலண்ட் டிஎம்-2 இதற்குப் போதும்: இரண்டு ட்ரிகர் இன்புட், மிடி அவுட், எஸ்டி கார்டில் உங்கள் சொந்த ஒலிகளைப் போடும் வசதி. நான்கு ஏஏ பெற்றரியிலும் ஓடும். கரண்ட் நிச்சயமில்லாத நாட்களில் இது சின்ன விஷயமல்ல.

இங்கே ஒரு இடறல் உண்டு. டிஎம்-2 தருவது ஐந்து முள் வட்ட மிடி. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போன்ற சின்ன இன்டர்பேஸ்களில் அந்தத் துளை இல்லை. அப்படியென்றால் மிடியை யூஎஸ்பியாக மாற்றும் கேபிள் ஒன்றும் வாங்கவேண்டும். பெயரில்லாத மலிவுக் கேபிள்கள் வேகமான உருட்டல்களில் நோட்டுகளை விழுங்கிவிடும். எனவே வாங்கிய அன்றே கிக்கையும் ஸ்னேரையும் சேர்த்து வேகமாக அடித்து, பதிந்த நோட்டுகளை எண்ணிப் பாருங்கள். ரோலண்ட் டிஎம்-6 புரோவும் ஈட்ரமின் என்ற பெயரில் வரும் ட்ரிகர் பெட்டிகளும் நேரே யூஎஸ்பியில் வருவதால் இந்தச் சிக்கல் அவற்றில் இல்லை.

நான்கு இன்புட் இருந்தால்: இரண்டு ஓவர்ஹெட், ஒரு ஸ்னேர் மைக், ஒரு கிக் ட்ரிகர். மொடியூல் தேவையில்லை. ஸ்னேருக்கு மைக்கை வைத்துக் கிக்குக்கு ட்ரிகரை விடுவதற்குக் காரணம் உண்டு. கிக் அடிகள் பெரும்பாலும் ஒரே பலத்தில் விழுபவை. ட்ரிகர் அவற்றைப் பிழையின்றிப் பிடிக்கும். ஸ்னேரில் தடியின் நுனி, தோளடி, ரிம் சொட் (தோலையும் ஓர வளையத்தையும் சேர்த்து அடிப்பது), மெல்லிய இடையடி என்று வகைகள் கூட. அத்தனையும் ஒரு பீசோவுக்குள் அடங்காது.

எட்டு இன்புட் உள்ளவர்கள் கிக், ஸ்னேர், இரண்டு டொம் நான்குக்கும் ட்ரிகர் பூட்டி நேரே ஓடியோவாகப் பதியலாம். மீதி நான்கில் மைக்.

ட்ரம் செட்டே இன்னும் வாங்காதவர்களுக்கும், இரவில் பயிற்சி செய்யவேண்டியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீடுகள் நெருங்கி இருக்கும் கொக்குவில், திருநெல்வேலி போன்ற இடங்களில் இரவு எட்டு மணிக்குப் பிறகு உண்மையான ட்ரம்ஸ் அடிக்க முடியாது. பழைய ட்ரம் செட் ஒன்றுக்கு மெஷ் ஹெட், அதாவது வலைத்தோல் போட்டு உள்ளே ட்ரிகர் வைத்தால் சத்தம் வெகுவாகக் குறையும். ஆனால் கிக் பெடலின் மோதல் நிலத்தின் வழியே போகும். கீழ்வீட்டில் ஆள் இருந்தால் மெஷ் ஹெட் அதைத் தீர்க்காது. செட்டுக்கு அடியில் தடித்த றப்பர் விரிப்புத் தேவைப்படும்.

எந்த ட்ரிகர்

வெளியே பூட்டும் ட்ரிகர் வளையத்தில் கவ்விப்பிடித்து, ஒரு சின்ன மெத்தை வழியாகத் தோலைத் தொடும். ரோலண்ட் ஆர்டி-30 வரிசையில் எச் என்பது தோலுக்கு மட்டும், எச்ஆர் தோலுக்கும் ரிம்முக்கும் தனித்தனியாக, கே கிக்குக்கு. யமஹாவில் டிடி-50எஸ் ஸ்னேருக்கும் டொம்முக்கும், டிடி-50கே கிக்குக்கும். டிட்ரமில் ரெட் சொட் மலிவு வரிசை, அக்கூஸ்டிக் புரோ அதற்கு மேலே.

வீட்டில் பதிவு செய்பவருக்கு எங்கள் தெரிவு: கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு தோல் மட்டும் உணரும் ஒன்று. ரிம் உணரும் இரட்டை ட்ரிகருக்குக் கூடக் காசு கொடுப்பதில் மேடையில் அடிப்பவருக்குப் பயன் இருக்கிறது. வீட்டில், ரிம்மடி ஓவர்ஹெட் மைக்கிலேயே தெளிவாக விழும். டொம்முக்கு ட்ரிகர் பிறகு வாங்கலாம்.

இரட்டை ட்ரிகரை எடுத்தால் கேபிளைக் கவனியுங்கள். ஜக்கின் முனையில் இரண்டு கறுப்பு வளையம் உள்ள ஸ்டீரியோ கேபிள் வேண்டும். கிற்றார் கேபிளில் ஒரு வளையம்தான். அதைப் போட்டால் தோல் வேலை செய்யும், ரிம் ஊமையாகிவிடும். ட்ரிகர் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகப்படுவதில் இதுவும் ஒரு வகை.

டிட்ரம் அக்கூஸ்டிக் புரோவின் வெளிவாய் மைக் கேபிள்போல எக்ஸ்எல்ஆர். பார்த்தவுடன் மைக் கேபிளால் நேரே இன்டர்பேஸில் சொருகத் தோன்றும். கண்டென்சர் மைக்குக்காக 48 வோல்ட் போட்டிருந்தால் அது ட்ரிகருக்குள் போகும். எக்ஸ்எல்ஆரிலிருந்து கால் அங்குல ஜக்குக்கு மாறும் கேபிளால்தான் இணைக்கவேண்டும்.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உறவினரிடம் சொல்லி எடுப்பிக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். ட்ரிகருக்குக் கரண்ட் தேவையில்லை, யார் கொண்டுவந்தாலும் சரி. மொடியூலோடு வரும் அடப்டர் அப்படியல்ல. வட அமெரிக்காவில் 120 வோல்ட், இங்கே 230. அடப்டரின் சின்ன எழுத்தில் 100–240 என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். 120 என்று மட்டும் இருந்தால் சொருகவே வேண்டாம். அதே வோல்ட், அதே அல்லது கூடிய மில்லிஅம்பியர், அதே முனைத்திசை உள்ள அடப்டரை இங்கே வாங்குங்கள். ரோலண்டின் பழைய 9 வோல்ட் மொடியூல்கள் பலவற்றுக்கு நடுமுனை நெகட்டிவ். சந்தைப் பொது அடப்டர்கள் பல அதற்கு எதிர்மாறு. மொடியூலின் முதுகில் உள்ள படத்தையும் அடப்டரில் உள்ள படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டுத்தான் சொருகவேண்டும்.

கையால் செய்வதானால்

கிக்குக்கும் டொம்முக்கும் கையால் செய்த ட்ரிகர் வாங்கியதற்குக் குறைவில்லாமல் வேலை செய்யும். ஒரு ட்ரிகருக்கு வேண்டியவை: 27 அல்லது 35 மில்லிமீற்றர் பீசோ வட்டு ஒன்று, மெல்லிய கவசக் கம்பி ஒரு மீற்றர், கால் அங்குல மோனோ சொக்கெட் ஒன்று, 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்று, இருபக்கமும் ஒட்டும் பஞ்சு டேப், மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள அடர்ந்த பஞ்சு. றேடியோ, ரீவி திருத்தும் கடைகளில் பீசோ கிடைக்காவிட்டால் பழைய இசை வாழ்த்து அட்டை, பஸர், மணிக்கூட்டு அலாரம் எதிலாவது இருக்கும்.

கவனம் முழுக்கச் சோல்டர் வைக்கும் இடத்தில்தான். நடுவில் இருக்கும் வெள்ளிப்பூச்சு மிக மெல்லியது. 30 வோட்டுக்கு மேற்பட்ட அயன் வேண்டாம். கம்பி முனைக்கு முன்கூட்டியே ஈயம் பூசிவைத்து, வட்டில் ஒரு செக்கன், கூடினால் இரண்டு செக்கன் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் பூச்சு கழன்று வரும். கழலாவிட்டாலும் செராமிக் தன் உணர்திறனை இழக்கும். நடுக்கம்பி வெள்ளிப்பூச்சுக்கு, கவசம் பித்தளைக்கு. ரெசிஸ்டரை சொக்கெட்டின் இரண்டு காலுக்கும் குறுக்கே வையுங்கள். கடைசியில் கம்பி வட்டோடு சேரும் இடத்தில் ஒரு துளி ஹொட் குளூ. அது இல்லாத ட்ரிகர் சில நாள் அடியில் கம்பி அறுந்து நிற்கும்.

கிக்குக்கு வட்டை அடிபடும் தோலின் ஓரத்தில், வளையத்திலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் உள்ளே, வெளிப்பக்கமாக ஒட்டலாம். இங்குள்ள வெக்கையில் சாதாரண டேப்பின் பசை இளகி மெதுவாக வழுகும். ஒட்டுமுன் தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டினபின் மேலே துணி டேப்பால் கம்பியையும் சேர்த்து இறுக்கிவிடுங்கள்.

ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையில் சொந்தமாக மொடியூல் செய்கிறவர்கள் 1 மெகாஓமோடு 5.1 வோல்ட் சீனர் டயோட் ஒன்றையும் குறுக்கே போடவேண்டும். பலத்த அடியில் பீசோ பத்து வோல்ட்டுக்கு மேலும் துள்ளும். டயோட் இல்லாவிட்டால் போர்டின் இன்புட் எரியக்கூடும்.

பூட்டுதல்

1. முதலில் ட்ரம்மை ட்யூன் பண்ணுங்கள். ஒவ்வொரு போல்ட்டுக்கும் அருகில் தட்டும்போது ஒரே சுருதி வரவேண்டும். ஒரு பக்கம் தளர்ந்த தோல் அடித்தபின் நெடுநேரம் ஆடும். ஒரு அடி இரண்டாகப் பதிவதற்கு முதல் காரணம் இந்த ஆட்டம்தான்.

2. தோலின் நடுக்கத்தைக் கொஞ்சம் அடக்குங்கள். ஸ்னேரில் ஓரமாக ஒரு ஜெல் துண்டு. கிக்குக்குள் ஒரு தலையணை, தோலை மெல்லத் தொட்டபடி.

3. ஸ்னேர் ட்ரிகரை அடிப்பவருக்கு எதிர்ப்புற வளையத்தில், ஆனால் டொம்முக்கு மிக அருகில் வராத இடத்தில் பூட்டுங்கள். தடி போய்வரும் பாதையில் இருக்கக்கூடாது.

4. கிக் ட்ரிகர் அடிபடும் பக்கத்து வளையத்தில், மணிக்கூட்டில் இரண்டு மணி முள் நிற்கும் இடத்தில். முன்பக்கத் தோலில் பூட்டினால் துடிப்பு தாமதமாகவும் மந்தமாகவும் வரும்.

5. மெத்தை தோலைத் தொட்டு மிகச் சிறிதளவு அமுங்கவேண்டும். ட்ரிகர் பூட்டுமுன்னும் பின்னும் ட்ரம்மை அடித்துக் கேளுங்கள். ஒலி அடைத்ததுபோல் மாறினால் அமுக்கம் கூட. மெத்தைக்கும் தோலுக்கும் இடையில் ஒரு தாள் எளிதாக உருவி வந்தால் அமுக்கம் போதாது.

6. கேபிளில் கொஞ்சம் தளர்வு விட்டு, ஸ்டாண்டின் காலில் டேப்பால் கட்டுங்கள். சொக்கெட்டில் தொங்கும் பாரம் ட்ரிகரைச் சரிக்கும்.

மெஷ் ஹெட்டுக்கு உள்ளே நடுவில் கூம்புப் பஞ்சு வைப்பவர்கள் கூம்பின் நுனி ட்ரம்மின் விளிம்பைவிட மூன்று நான்கு மில்லிமீற்றர் உயர்ந்து நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நேரே நடுவில் அடித்தால் ஒலி திடீரென்று பெரிதாகும். அந்த ஒரு இடம் மட்டும் கூடுதலாக உணர்வதைத் தவிர்க்கச் சிலர் கூம்பை ஓரத்துக்குத் தள்ளி வைக்கிறார்கள். பதிவுக்கு அதுவே நல்லது.

மொடியூலைச் சரிக்கட்டும் ஒழுங்கு

மொடியூல்களில் பெயர் சற்று மாறினாலும் உள்ளே இருப்பவை ஒன்றுதான். ட்ரிகர் வகை என்ற பட்டியலில் உங்கள் ட்ரிகரின் பெயரோ, அதற்குக் கிட்டியதோ இருந்தால் அதை முதலில் தெரியுங்கள். பாதி வேலை அங்கேயே முடியும்.

அடுத்து சென்சிடிவிட்டி. உங்களால் முடிந்த அளவு பலமாக அடியுங்கள். மிடி வேகம், அதாவது அடியின் பலத்தைக் காட்டும் எண், 127-ஐ அந்த அடியில் மட்டும் தொடவேண்டும். சாதாரண அடியே 127 காட்டினால் குறையுங்கள். இல்லாவிட்டால் எல்லா அடியும் ஒரே பலத்தில் பதிந்து மெஷின்போல் ஒலிக்கும்.

பிறகு திரெஷோல்ட், அதாவது எவ்வளவு மெல்லிய அடிவரை எடுப்பது என்ற எல்லை. அதைப் பூச்சியத்திலிருந்து தொடங்கி, கிக்கை மட்டும் அடித்துக்கொண்டே ஸ்னேரின் திரெஷோல்டைக் கூட்டுங்கள். ஸ்னேர் சும்மா கத்துவது நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேலே போனால் மெல்லிய இடையடிகள் காணாமல் போகும்.

மாஸ்க் டைம் என்பது ஒரு அடியை எடுத்தபின் மொடியூல் காதை மூடிக்கொள்ளும் நேரம். இதைக் கண்மூடித்தனமாகக் கூட்டுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. கணக்கு எளிது: நிமிடத்துக்கு 180 துடி வேகத்தில் பதினாறில் ஒன்று நோட்டுகளுக்கு இடையில் இருப்பது சுமார் 83 மில்லிசெக்கன், முப்பத்திரண்டில் ஒன்றுக்கு சுமார் 42. எனவே கிக்குக்கு 40 வரை வைக்கலாம். ஸ்னேருக்கு 20 முதல் 30-க்குள் நின்றால்தான் உருட்டலும் ஃபிளாமும் (அடுத்தடுத்து ஒட்டி விழும் இரண்டு அடி) பிழைக்கும். 30-லும் இரட்டையடி வந்தால் எண்ணைக் கூட்டாமல் திரும்பத் தோலுக்குப் போங்கள்: ட்யூன், ஜெல், மெத்தை.

ஸ்கான் டைம் அடியின் உச்சத்தைத் தேட மொடியூல் எடுக்கும் நேரம். ஒரே பலத்தில் அடித்தும் வேகம் தாறுமாறாக வந்தால் 0.1 மில்லிசெக்கன் படிகளில் கூட்டுங்கள். கூட்டும் ஒவ்வொன்றும் தாமதத்தில் சேரும் என்பதால் சீரானதும் நிறுத்திவிடுங்கள்.

குறுக்குப்பேச்சை, அதாவது ஒரு ட்ரம்மை அடிக்க இன்னொன்று பதிவதை, எண்ணால் அடக்குமுன் இரும்பால் அடக்குங்கள். கிக்கின்மேல் பூட்டிய டொம்மும் கிக்கும் ஒரே எலும்பில் இருப்பவை. டொம்மைத் தனி ஸ்டாண்டுக்கு மாற்றினாலே பெரும்பகுதி தீரும். டைல்ஸ் நிலத்தில் கம்பளம் விரியுங்கள். மீதிக்குத்தான் மொடியூலில் உள்ள குறுக்குப்பேச்சு எண்.

கம்பியூட்டரில் ஒலியைக் கேட்டுக்கொண்டு அடிப்பதென்றால் தாமதத்தில் பஃபரும் (கம்பியூட்டர் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) சேரும். 48 கிலோஹேர்ட்ஸில் 64 சாம்பிள் 1.3 மில்லிசெக்கன், 128 என்றால் 2.7, 256 என்றால் 5.3. இது ஒரு வழிக்கு மட்டும். 128-க்கு மேலே போகாதிருப்பது நல்லது. லப்டொப் அதற்குத் தாங்காவிட்டால் ஹெட்போனில் மொடியூலின் சொந்த ஒலியைக் கேட்டு அடித்து, மிடியை மட்டும் பதியுங்கள்.

துடிப்பை நேரே ஓடியோவாகப் பதிதல்

இது மொடியூல் இல்லாத வழி. கால் அங்குல ஜக்கால் இன்டர்பேஸின் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்டில் சொருகி, கெயினை முழுவதும் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். மிகப் பலத்த அடி மைனஸ் 6 டெசிபெல்லில் நிற்கவேண்டும். கெயின் பூச்சியத்திலும் சிவப்பு எரிந்தால் லைன் இன்புட்டுக்கு மாற்றுங்கள். லைன் இன்புட்டின் தடை குறைவு என்பதால் தாழ்ந்த அதிர்வுகள் வடிந்து துடிப்பு இன்னும் கூர்மையாகும். ட்ரிகருக்கு அது நன்மையே. அப்படியும் அடங்காவிட்டால் கிற்றாரில் வொல்யூமுக்குப் போடும் 500 கிலோஓம் பொட் ஒன்றை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து நடுவில் இணையுங்கள். சிவப்பு எரிந்து வெட்டுப்பட்ட துடிப்புகளில் பலம் வேறுபாடு இருக்காது, அதைப் பிறகு மீட்கவும் வழியில்லை.

பதிந்து முடிந்ததும் ஒலியாக மாற்றுவது. பதிவு மென்பொருளான ரீப்பரில் ஓடியோவை மிடியாக்கும் ட்ரம் ட்ரிகர் பிளகின் கூடவே வருகிறது. ஸ்டீவன் ஸ்லேட்டின் ட்ரிகர் 2 என்ற பிளகின் காசு கொடுத்து வாங்குவது. இன்னொரு பதிவு மென்பொருளான லொஜிக்கில் ட்ரம் ரீபிளேஸ்மென்ட் உள்ளேயே இருக்கிறது. மிடி நோட்டு எண்களில் கிக் 36, ஸ்னேர் 38. பெரும்பாலான ட்ரம் பிளகின்கள் அதையே எதிர்பார்க்கும். ஒலியைத் தெரியும்போது ஒரே ஸ்னேருக்குப் பல பலநிலைப் பதிவுகளும், ஒவ்வொரு நிலையிலும் மாறிமாறி வரும் சில பதிவுகளும் உள்ளதை எடுங்கள். ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப வந்தால் உருட்டலில் உடனே காட்டிக்கொடுக்கும்.

மைக்கோடு கலக்கும்போது நேரத்தைப் பொருத்தவேண்டும். ட்ரிகர் தோலில் இருக்கிறது. ஒரு மீற்றர் மேலே இருக்கும் ஓவர்ஹெட்டுக்கு ஒலி போய்ச்சேர ஏறக்குறைய 3 மில்லிசெக்கன். பாட்டுத் தொடங்குமுன் ஒவ்வொரு ட்ரம்மையும் தனியே நான்கு முறை அடித்துப் பதிந்துவையுங்கள். அந்த அடியைப் பெரிதாக்கிப் பார்த்து, புதிய ஒலியின் முதல் எழுச்சியை ஸ்னேர் மைக்கின் முதல் எழுச்சியோடு சேருங்கள். ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் தொடங்கினால் ஒன்றின் போலாரிட்டியை (அலையின் மேல்-கீழ்த் திசையை) திருப்புங்கள். இதைச் செய்யாமல் கலந்தால் ஸ்னேர் தடிப்பதற்குப் பதிலாக மெலியும்.

சாம்பிள் ஒலியே வேண்டாம், தன் ட்ரம்மின் சொந்த ஒலிதான் வேண்டும் என்பவர்களுக்கு கேற் வழி. டொம் மைக்கின் ட்ராக்கில் கேற் போட்டு, அதன் சைட்செயினுக்கு, அதாவது கேற் எப்போது திறப்பது என்று சொல்லும் வழிக்கு, டொம் ட்ரிகரின் ட்ராக்கைக் கொடுங்கள். மைக்கை மட்டும் நம்பும் கேற் கிராஷ் சிம்பலுக்கும் திறக்கும். ட்ரிகரை நம்பும் கேற் டொம்மை அடித்தால் மட்டும் திறக்கும். ட்ரிகர் ட்ராக்கை 2 மில்லிசெக்கன் முன்னுக்கு நகர்த்தினால் அடியின் முனை வெட்டுப்படாமல் வரும். கண்ணாடி யன்னலும் சீமெந்துமாக இருக்கும் அறையில் டொம்முக்குள் விழும் சிம்பல் இரைச்சலைக் குறைக்க இதைவிட மலிவான வழி இல்லை.

இரைச்சல் வந்தால்

பீசோ உயர்தடைச் சாதனம். வீட்டு வயரிங்கின் 50 ஹேர்ட்ஸ் ஹம்மை அது எளிதில் இழுக்கும். கண்டுபிடிக்கும் ஒழுங்கு இது: லப்டொப் சார்ஜரைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் சார்ஜரில் ஏர்த் இல்லாமலிருக்கலாம். மூன்று முள் பிளக் உள்ள சார்ஜரும், உண்மையில் ஏர்த் வேலை செய்யும் சொக்கெட்டும் தேவை. பழைய வீடுகளில் மூன்றாவது துளை இருந்தும் உள்ளே கம்பி இல்லாமல் இருக்கும். மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பியுங்கள்.

நிற்கவில்லையா, மின்விசிறியை நிறுத்துங்கள். சுவரில் வட்டமாகத் திருப்பும் எலெக்ட்ரோனிக் ரெகுலேற்றர் கவசமில்லாத கம்பிக்குள் 'கிர்ர்' என்று ஏறும். வேகத்தை முழுவதும் கூட்டினால் இரைச்சல் குறைவது அதன் அடையாளம். கடைசியாக யூபிஎஸ். மலிவு யூபிஎஸ்ஸும் இன்வேற்றரும் பெற்றரியில் ஓடும்போது சுத்தமான அலையைத் தருவதில்லை. மின்வெட்டில் பதிவதென்றால் லப்டொப் பெற்றரியிலும் மொடியூல் பெற்றரியிலும் ஓடட்டும்.

அறைக்குள் பேஸ் கிற்றார் அம்ப்பைப் பலமாக வைத்தால் ட்ரம் தோல் அதற்கும் ஆடும். பேஸை நேரே இன்டர்பேஸில் பதியுங்கள்.

தவிலுக்கும் மிருதங்கத்துக்கும்

தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் ட்ரிகர் பூட்டலாமா என்பது இணுவில், அளவெட்டிப் பக்கத்துக் கலைஞர்களைப் பதிய வருகிறவர்கள் கேட்கும் கேள்வி. வேண்டாம் என்பதே எங்கள் பதில். மிருதங்கத்தின் தொப்பியில் உள்ளங்கையால் அழுத்தி எழுப்பும் கும்கியில் சுருதி வளைந்து போகும். பீசோவுக்கு அது ஒரே ஒரு துடிப்பு. வலந்தலையின் சாதத்திலிருந்து வரும் நாதமும் விரல் வேறுபாடும் அதில் இல்லை. தவிலில் கூடு போட்ட விரல்கள் எழுப்பும் சொற்கட்டின் வேகம் எந்த மாஸ்க் டைமுக்கும் அகப்படாது. தோலுக்கு மேலே எதை ஒட்டினாலும் நாதம் மாறும், கலைஞரும் அதை விரும்பமாட்டார். இரண்டு பக்கமும் இரண்டு நல்ல மைக், தடித்த திரை, அமைதியான நேரம்: அந்தக் காசை அங்கே போடுங்கள்.

பழையது வாங்கும்போதும் வைத்துப் பேணும்போதும்

பழைய ட்ரிகரைப் பார்க்க ஒரு மல்ரிமீற்றர் போதும். மோனோ கேபிள் சொருகி மறுமுனையில் தடையை அளவிடுங்கள். பூச்சியம் காட்டினால் உள்ளே ஷோர்ட். உள்ளே ரெசிஸ்டர் இல்லாத நல்ல பீசோ முடிவிலி காட்டும். பிறகு மில்லிவோல்ட்டில் வைத்து மெத்தையை விரலால் தட்டுங்கள். எண் துள்ளவேண்டும். தட்டிக்கொண்டே ஜக்கை மெல்ல ஆட்டிப் பாருங்கள். துள்ளல் விட்டுவிட்டு வந்தால் சொக்கெட்டில் சோல்டர் விட்டிருக்கிறது, அது திருத்தக்கூடிய பழுது. மெத்தை கல்லாக இறுகியிருந்தாலோ பொடியாக உதிர்ந்தாலோ அதையும் மாற்றலாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள். வட்டு வெடித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சொக்கெட்டுகளின் உட்புறம் கறுக்கும். கடலோரமான குருநகர், பாஷையூர் வீடுகளில் இன்னும் விரைவாக. மாதம் ஒருமுறை கொன்டாக்ட் கிளீனர் அடித்து ஜக்கைப் பத்துத் தடவை சொருகி எடுங்கள். பாவிக்காத ட்ரிகரை வளையத்திலிருந்து கழற்றி, சிலிக்கா ஜெல் பக்கற்றோடு மூடும் பெட்டியில் வையுங்கள். மாதக்கணக்கில் அமுங்கிக் கிடக்கும் மெத்தை திரும்ப எழாது.